புள்ளி வைக்காத துதுகு

தாராவி
3 ஜூலை 2025

ஜான்சி,

'அன்புள்ள' போட மனசு வரவில்லை. போனால் போகிறது என்று பெயரை மட்டும் எழுதுகிறேன்.

உன் நம்பரை பிளாக் செய்தது செய்ததுதான், எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் கெட்ட வார்த்தை வந்துவிடும். பேப்பரில் ஒவ்வொரு எழுத்தாகத்தானே எழுத முடியும், கோபமும் கொஞ்சம் மெதுவாக வரும். உன் ஆபீசுக்கு எதிரே மாட்டுங்கா காபிக் கடைக் கல்லாவில் பூலோகம் அண்ணனிடம் இந்தக் கவரைக் கொடுக்கிறேன். நீயும் பதிலை அவரிடமே கொடு.

சர்க்காரி பேண்டில் டிரம்பட்டுக்கு ஒரே ஒரு இடம். இருபத்தாறு வயது ஆகியிருக்கக் கூடாது. எனக்கு அக்டோபரில் இருபத்தாறு. வருஷா வருஷம் எனக்கு கேக் வாங்கி வருகிறவள் நீ, உனக்குத் தெரியாததா? அந்த நோட்டீஸை ஜூன் 12ஆம் தேதியே பார்த்திருக்கிறாய். உன் ஃபாரத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறாய். என்னிடம் மூச்சு விடவில்லை. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் எனக்கு வேறு யாரோ சொல்லித் தெரிகிறது. பதினாறு நாள், ஜான்சி. பதினாறு நாளும் சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே புத்தகத்தைப் பார்த்து, என்னோடு வாசித்தாய்.

அதைக் கேட்டதற்குத்தான் மாட்டுங்கா ஸ்டேஷன் படிக்கட்டில் அந்தச் சண்டை. நீ ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, புத்தகம் நடுவில் பிய்ந்துபோனது. ரத்திக் கடையின் பழைய பேப்பர் மூட்டையிலிருந்து நான் கண்டெடுத்த புத்தகம். அட்டை இல்லை, பெயர் இல்லை, யார் எழுதியது என்று தெரியாது. ஆனால் இரண்டு வருஷமாக நாம் அதைப் பார்க்காமல் ஒரு நாளும் ஊதியதில்லை.

முதல் 88 பக்கம் என்னிடம் இருக்கிறது. நீள சுரம், ஸ்கேல், உதட்டுப் பயிற்சி. 89இலிருந்து உன்னிடம். நாக்குப் பயிற்சி எல்லாம் அதில்தான். ஆகஸ்ட் 9 தேர்வில் டிரிபிள் டங்கிங் கட்டாயம். அதாவது ஒரே மூச்சில், சுரத்தை மூன்று மூன்றாக நாக்கால் வெட்டணும். அந்தப் பக்கத்துக்கு நாம் போய்ச் சேரவே இல்லை.

ஆகவே, பக்கத்துக்குப் பக்கம். நீ ஒன்று கொடுத்தால் நான் ஒன்று கொடுக்கிறேன். அசல் வேண்டாம், செராக்ஸ் போதும்.

மாரீஸ்வரி


செம்பூர்
5 ஜூலை

மாரீஸ்வரி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பகதுக்கு பகம் எனக்கு சமதம். புதகதை முதலில் இழுதது நீங்கள். நோடீஸ் பற்றி சொல மறந்துவிடேன். அவளவுதான்.

ஜான்சி


தாராவி
8 ஜூலை

ஜான்சி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோபமாகப் படிக்க ஆரம்பித்து, பாதியில் சிரிப்பு வந்துவிட்டது, அதனால் இன்னும் கோபம். ஏட்டி, புள்ளி என்று ஒன்று தமிழில் இருப்பது உனக்குத் தெரியுமா? இங்கிலீஷ் மீடியம் படித்தால் புள்ளியை ஃபீஸோடு கட்டிவிடுவார்களா? பகம் இல்லை, பக்கம். சமதம் இல்லை, சம்மதம். 'மறந்துவிட்டேன்' என்று எழுத நினைத்து 'மறந்துவிடேன்' என்று எழுதியிருக்கிறாய். அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? நான் மறந்துவிட வேண்டுமாம். மாட்டேன்.

அப்புறம் 'நீங்கள்' என்ன 'அவர்கள்' என்ன? ஸ்கூல் பேண்டில் நான் ஏழாம் கிளாஸ், நீ ஐந்தாம் கிளாஸ். அன்றிலிருந்து 'மாரிக்கா, மாரிக்கா' என்று என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள் நீ. மரியாதை கொடுத்து என்னைத் தூரத்தில் நிறுத்துகிறாயாக்கும்.

உதட்டுப் பயிற்சி 41ஆம் பக்கம் அனுப்புகிறேன். மேலே போகும்போது மவுத்பீஸை அழுத்தாதே. நீ அழுத்துவாய், எனக்குத் தெரியும்.

நான் இப்போது பிளாஸ்டிக் கோடவுன் மாடியில் ஊதுகிறேன். கீழே பிளாஸ்டிக் அரைக்கிற மெஷின் ஓடும்போது ஒரே சுரத்தில் உம்மென்று இரைகிறது. அதைச் சுருதியாக வைத்துக்கொண்டு நீள சுரம் பிடித்தால் நேற்று நாற்பது செகண்ட் நின்றது! நாற்பது! யாரிடம் சொல்வது? மெஷின்காரரிடம் சொன்னேன். "காது கேக்கல, சத்தமா சொல்லு" என்றார்.

மாரீஸ்வரி


செம்பூர்
12 ஜூலை

மாரீஸ்வரிக்கு,

இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டு முத்துமாரி அக்கா படித்து, புள்ளியெல்லாம் வைத்துக் கொடுத்தாங்க. அதனால் இதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. ஒற்று விட்டது என்று இரண்டு இடத்தில் என் தலையில் குட்டினாங்க.

நாற்பது செகண்டா? ஏக்தம் பொய், சுத்தப் பொய். எனக்கு முப்பத்தொன்று. 41ஆம் பக்கம் வந்த பிறகு உதடு கொஞ்சம் சொன்னபடி கேட்கிறது. முன்பக்கப் பயிற்சி இல்லாமல் ஒரு வாரம் நாக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததில் மேல் சுரம் எல்லாம் காற்றாகப் போய்விட்டது. ஆமாம், அழுத்தினேன்.

எங்கள் பில்டிங்கில் புகார் வந்துவிட்டது. மூன்றாவது மாடி அங்கிள், "பேட்டி, ஷாதி கிஸ்கி ஹை?" என்று கேட்கிறார், யாருக்குக் கல்யாணம் என்று! அதனால் அம்மாவின் பீரோவைத் திறந்து, பட்டுப் புடவைகளுக்குள்ளே டிரம்பட்டை நீட்டி ஊதுகிறேன். சத்தம் வெளியே போவதில்லை. எனக்கும் கேட்பதில்லை.

டிரிபிள் டங்கிங் முதல் பக்கம் உள்ளே. செராக்ஸில் நோட்டெல்லாம் தெரிகிறது. அதன் கீழே நாக்கு என்ன சொல்ல வேண்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது மட்டும் கறுப்பாக அப்பிவிட்டது. ஆகவே ஒவ்வொரு நோட்டுக்கும் கீழே நானே தமிழில், பேனாவில் எழுதியிருக்கிறேன். பார், எவ்வளவு நல்லவள் நான்.

ஜான்சி


தாராவி
19 ஜூலை

ஜான்சி,

நல்லவளாம். ஒரு வாரம் வீணாய்ப் போனது உன்னால்.

துதுகு துதுகு துதுகு. நீ எழுதினதை அப்படியே நாக்கில் வைத்து ஏழு நாள் ஊதினேன். கோடவுன் மாடியில் ஊதினேன். வேலைக்குப் போகும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன், பை தைக்கும்போது மெஷின் பெடலை மிதித்துக்கொண்டே சொன்னேன். சுரம் ஒன்றும் வெட்டவில்லை. குழைந்த சோறு மாதிரி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. பக்கத்து மெஷின் ஷைஸ்தா நேற்றுக் கேட்க வந்தாள். "க்யா ரே, டிரம்பட் கோ சர்தி ஹோ கயீ?" என்றாள். டிரம்பட்டுக்கு ஜலதோஷமாம்!

யூடியூபும் பார்த்தேன். விரல் தெரிகிறது, கன்னம் தெரிகிறது, வாய்க்குள் நாக்கு என்ன செய்கிறது என்று எந்த வீடியோவிலும் தெரியவில்லை. அதனால் உன் எழுத்தை நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும்.

புத்தகத்தில் வேறு என்னவோ இருக்கிறது, நீ வேண்டுமென்றே மாற்றி எழுதிவிட்டாய். அப்படித்தானே? நோட்டீஸை மறைத்தவளுக்கு இது பெரிய விஷயமா? இன்னும் மூன்று வாரம். எனக்கு இதுதான் கடைசி வாய்ப்பு, அப்புறம் ஆயுசுக்கும் பை தைக்கணும். உனக்கு இருபத்து மூன்று வயது. அடுத்த வருஷமும் எழுதலாம், அதற்கடுத்த வருஷமும் எழுதலாம். அப்படி இருந்தும்.

42ஆம் பக்கம் கிடையாது. ஒப்பந்தம் முறிந்தது.

மாரீஸ்வரி


செம்பூர்
21 ஜூலை

மாரி,

இதை முத்துமாரி அக்காவிடம் காட்டவில்லை. காட்டினால் ஏன் அழுகிறாய் என்று கேட்பாங்க. ஃபோனில் பேசி, அது எழுதினதைப் பார்த்துக் காப்பி அடிக்கிறேன். அது புள்ளி வைக்கிறது.

நான் மாற்றவில்லை. சத்தியமாக மாற்றவில்லை. புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் எழுதினேன். இங்கிலீஷில் டி யு, டி யு, கே யு. மூன்று சத்தம். கே யு என்றால் கல்லு மாதிரி கெட்டியான 'கு'. இந்தியில் எழுதினால் எந்தக் குழப்பமும் இல்லை. தமிழில் 'து' இருக்கிறது, 'து' இருக்கிறது, 'கு' இருக்கிறது. வரிசையாக வைத்தேன். வேறு எப்படி எழுதுவார்கள்? நீதான் தமிழ் மீடியம், நீ சொல்லு.

எனக்கும் ஒன்றும் சரியாக வரவில்லை, சந்தோஷமா? வெட்டு நன்றாக விழுகிறது. ஆனால் தாளம் தட்டுகிற மெட்ரோனோமில் 96க்கு மேல் போனால் நாக்கு தடுக்கி விழுகிறது. மூன்று, மூன்று என்று எண்ணி எண்ணித் தலை வலிக்கிறது. 120 கேட்பார்கள்.

42ஆம் பக்கம் தர வேண்டாம். நான் அடுத்த டங்கிங் பக்கம் வைத்திருக்கிறேன். சும்மாதான்.

ஜான்சி


தாராவி
26 ஜூலை

ஏட்டி ஜான்சி,

முதலில் உட்கார். காபியை ஓரமாக வை.

உன் கடிதத்தைப் படித்து, கே யு, கே யு என்று சொல்லிக்கொண்டே புதன்கிழமை தொண்ணூறு அடி ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். ஊருக்குப் பார்சல் போடுகிற லாரி ஆபீஸ் இருக்கிறதே, அதன் வாசலில் லோடுமேன் ஒருத்தர் மூட்டைகளைப் பிரித்துப் பிரித்துத் தள்ளிக் கத்திக்கொண்டிருந்தார். "தூத்துக்குடி! தூத்துக்குடி! தூத்துக்குடி!" மூட்டை வேகமாக வர வர அவர் வாயும் வேகமாகிவிட்டது. "துத்துக்கு, துத்துக்கு, துத்துக்குடி!"

நடு ரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த கைவண்டிக்காரர் என்னைத் திட்டினார். திட்டட்டும்!

ஜான்சி, புள்ளி! உன் புள்ளி! நீ துதுகு என்று எழுதினாய். தமிழில் படிக்கிறவளுக்கு நடுவில் வருகிற 'து' மெத்தென்று ஆகிவிடும், 'கு'வும் மெத்தென்று ஆகிவிடும். 'அது' என்று சொல்லிப் பார். 'தகு' என்று சொல்லிப் பார். எங்கேயாவது கல்லு இருக்கிறதா? கல்லு வேண்டுமென்றால் முன்னால் புள்ளி வைத்த எழுத்து வேண்டும். துத்துக்கு! நீ ஏமாற்றவில்லை. பக்கத்தைப் பகமென்று எழுதினவள் இதையும் அப்படியே எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை மட்டும் முத்துமாரி அக்காவிடம் காட்டாமல் விட்டிருக்கிறாய். நான் உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு. தப்பு, தப்பு, தப்பு. மூன்று முறை, டிரிபிள்.

வீட்டுக்கு ஓடி, டிரம்பட்டை எடுத்துக்கொண்டு கோடவுனுக்கு ஓடினேன். முதல் தடவையே வெட்டு விழுந்தது! உனக்கும் இதில் ஒரு மருந்து இருக்கிறது, கேள். மூன்று மூன்றாக எண்ணாதே. ஊர்ப் பெயரை யாராவது எண்ணிச் சொல்வார்களா? துத்துக்கு, துத்துக்கு, துத்துக்கு, கடைசியில் 'டி' வருகிற இடத்தில் நீள சுரத்தில் இறங்கி நில். 'தூ'வை மட்டும் நீட்டாதே, லோடுமேன் மாதிரி குறுக்கு. எனக்கு நேற்று 126 வந்தது.

இப்போது இன்னொன்று சொல்ல வேண்டும். இதைக் கண்டுபிடித்தது புதன்கிழமை. இன்றைக்குச் சனி. மூன்று நாள் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். இருப்பது ஒரே இடம், இதைச் சொன்னால் நீ 96இலிருந்து 120க்குப் போய்விடுவாய் என்று பயந்தேன். மூன்று நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதினாறு நாள் நீ எப்படித்தான் சாப்பிட்டாயோ தெரியவில்லை.

42, 43, 44 மூன்று பக்கமும் உள்ளே.

மாரி


செம்பூர்
29 ஜூலை

மாரிக்கா,

132!! ஆபீஸ் பாத்ரூமில் வாயால் சொல்லிப் பார்த்தேன், லோக்கல் டிரெயினில் சொன்னேன். எதிரே இருந்த ஆண்ட்டி நான் தூத்துக்குடிக்குப் போகிறேன் என்று நினைத்து, அல்வா வாங்கி வரச் சொன்னாங்க. அல்வா திருநெல்வேலி இல்லையா? சரி, அதை விடு. வீட்டுக்கு வந்து புடவைக்குள்ளே விட்டு ஊதினேன், பிறகு பீரோவை மூடிவிட்டு ஜன்னலைத் திறந்து ஊதினேன். மூன்றாவது மாடி அங்கிள் கைதட்டினார்!

இதை நானே எழுதுகிறேன், நானே புள்ளி வைக்கிறேன். இரண்டு மணி நேரம் ஆகிறது. தப்பு இருந்தால் இருக்கட்டும்.

நோட்டீஸை நான் மறக்கவில்லை. ஜூன் 12ஆம் தேதி மத்தியானம் பார்த்தேன். உடனே உனக்கு அனுப்பத்தான் ஃபோனை எடுத்தேன். அப்புறம், மாரிக்கா வந்தால் எனக்குக் கிடைக்காது என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான். வேறு காரணம் எதுவும் இல்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும்போதெல்லாம் சொல்ல வாய் வந்தது. ஒவ்வொரு நாள் போகப் போக, நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்ற பயம் கூடிக்கொண்டே போனது. சாப்பிட்டேன். அதுதான் எனக்கு ரொம்ப வெட்கமாக இருக்கிறது, நன்றாகவே சாப்பிட்டேன்.

என்னை மன்னிக்க வேண்டாம். தேர்வு முடியட்டும்.

டங்கிங் பக்கம் எல்லாவற்றையும் நேற்றே தனிக் கவரில் அனுப்பிவிட்டேன். பூலோகம் அண்ணன் கவரைத் தூக்கிப் பார்த்து, "என்னம்மா, கல்யாணப் பத்திரிகையா?" என்றார்.

ஜான்சி


தாராவி
10 ஆகஸ்ட்

ஜான்சி,

நேற்று அந்த நீள வராந்தாவில் நீ ஒரு மூலையில், நான் ஒரு மூலையில். நடுவில் பதின்மூன்று பையன்கள். பேசிவிடலாம் என்று எழுந்தேன், திரும்ப உட்கார்ந்து டிரம்பட்டைத் துடைத்தேன்.

நீ பதினாலு, நான் பதினைந்து. அதனால் கதவுக்கு வெளியே நின்று நீ வாசித்ததை முழுக்கக் கேட்டேன். 44ஆம் பக்கம் உதட்டுப் பயிற்சியில் அந்த மேல் சுரத்துக்குப் போனாய் பார், அழுத்தாமல் போனாய்! எனக்குப் புல்லரித்துவிட்டது. டிரிபிளும் பளிச்சென்று விழுந்தது. இன்னும் வேகமாக என்று கேட்டார்கள் போலிருக்கிறது. இரண்டாவது தடவை கடைசியில் கொஞ்சம் சறுக்கினாய். நான் வெளியே நின்று கையைப் பிசைந்தேன். போட்டிக்கு வந்தவள் நான், உனக்காக அங்கே பிசைந்துகொண்டிருக்கிறேன்.

நீ வெளியே வந்தாய், நான் உள்ளே போகணும். என்னைத் தாண்டும்போது தலையைக் குனிந்தபடி, "புள்ளி" என்று மட்டும் சொன்னாய். ஆறு வாரத்தில் நீ என்னிடம் பேசின ஒரே வார்த்தை. சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் உதட்டில் இருந்த இறுக்கமெல்லாம் போய்விட்டது.

அதற்கப்புறம் எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. 120 கேட்டார்கள், வாசித்தேன். 138 கேட்டார்கள், வாசித்தேன்! 'டி'யில் போய் நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். தேர்வு நடத்துகிற, பெரிய மீசை வைத்த சாப், நாக்குக்கு என்ன சொல்கிறாய் என்று இந்தியில் கேட்டார். தூத்துக்குடி என்றேன். "வோ க்யா ஹை?" என்றார், அது என்ன என்று. "மேரா காவ் ஹை, சாப்" என்றேன், என் ஊர் என்று. நான் இரண்டே தடவை போயிருக்கிற ஊர்!

வெளியே வந்து பார்த்தால் நீ போய்விட்டாய்.

மாரி


செம்பூர்
29 ஆகஸ்ட்

மாரிக்கா,

ரிசல்ட் வந்துவிட்டது. நீ இதைப் படிக்கும் முன்னாலேயே உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் நான்தான் சொல்வேன். டிரம்பட், ஒரு இடம், எண் பதினைந்து, மாரீஸ்வரி!!

லேடீஸ் கம்பார்ட்மெண்டில் நின்றுகொண்டே பார்த்தேன். முதலில் என் எண்ணைத் தேடினேன், பொய் சொல்ல மாட்டேன். இல்லை. அழுகை வந்தது. அப்புறம் உன் எண்ணைப் பார்த்து ஓவென்று கத்திவிட்டேன். குர்லாவில் இறங்க வேண்டியவங்க எல்லாரும் பயந்துபோய் வழி விட்டாங்க. அழுததும் கத்தினதும் ஒரே நேரத்தில் நடந்தது. எது உனக்கு, எது எனக்கு என்று பிரிக்கத் தெரியவில்லை.

நான் இரண்டாவது தடவை ஏன் சறுக்கினேன் தெரியுமா? அவங்க கேட்டது 126. நான் ஆசைப்பட்டு 140க்குப் போனேன். என் தப்பு.

89ஆம் பக்கத்திலிருந்து என்னிடம் இருக்கிற பாதிப் புத்தகம் முழுவதும் இதோடு வருகிறது. அசல். சர்க்காரி பேண்டில் தினமும் ஊதணும், உனக்குத்தான் வேண்டும். இப்போதாவது பிளாக்கை எடுப்பாயா?

ஜான்சி


பேண்டு அறை
17 நவம்பர் 2025

என் ஜான்சிக்கு,

இரண்டு மாதமாகத் தினமும் ஃபோனில் கதை பேசிவிட்டு, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். சொல்கிறேன்.

புத்தகத்தைத் தைத்துவிட்டேன். தோல் பை தைக்கிற ஊசி, மெழுகு நூல். இனி நீயும் நானும் ரயிலில் கட்டி இழுத்தாலும் பிய்யாது. இத்தனை நாள் தலை என்னிடமும் வால் உன்னிடமுமாக இருந்த 137ஆம் பயிற்சியை நேற்று முதல் தடவையாக முழுசாக வாசித்தேன். என்ன அழகு அது! ஷைஸ்தா மிச்சத் தோலில் அட்டை போட்டுக் கொடுத்தாள். பெயர் அச்சடிக்கணும், என்ன பெயர் என்று கேட்டாள். 'துத்துக்கு' என்று எழுதிக் கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் இரண்டு புள்ளியையும் சரியாக அடித்திருக்கிறாள் பார். இனி இது உன்னிடமே இருக்கட்டும். எனக்கு இங்கே அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது.

இரண்டாவது டிரம்பட் வாசிக்கிற சாப் ஜனவரியில் ரிடையர் ஆகிறார். அந்த இடத்துக்கான நோட்டீஸ் இந்தக் கவருக்குள் இருக்கிறது. உனக்கு ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. ஆபீசில் மீட்டிங்கில் இருப்பாய். படம் அனுப்பியிருக்கிறேன். ஆனாலும் இதை என் கையால் எழுதி உனக்குத் தர வேண்டும் என்று இருந்தது. வருகிற சாயங்காலமெல்லாம் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். 140 வேண்டாம், 126 போதும்.

நோட்டீஸைக் காலை பத்தரைக்கு போர்டில் ஒட்டினார்கள். இப்போது மணி பத்தே முக்கால்.

மாரிக்கா